லினக்ஸுக்கு மடிக்கணினி வாங்கப் போகிறீர்களா? பென்டிரைவோடு போங்கள்

போன வருடம் ஆடி மாதம் அக்கா மகன் புது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வீடு திருப்பாதிரிப்புலியூரில், புதுச்சேரியில் பொறியியல் படிக்கிறான், தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். கல்லூரியில், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் பாடம் தொடங்கியிருந்தது. கூடப் படிக்கும் பையன் ஒருவன் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். திரை வந்தது, சத்தம் வந்தது, வை-ஃபை மட்டும் வரவில்லை. அணைந்திருக்கிறது என்றுகூடக் காட்டவில்லை. அப்படி ஒரு பொருளே அந்தக் கணினிக்குள் இல்லாததுபோல் இருந்தது.

"மாமா, லினக்ஸ்ல வை-ஃபை வராதாமே? கடைக்காரர் சொன்னாரு."

அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் லினக்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்ட பையன்களை, பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டளைகள் புரியாமல் விட்டவர்கள் குறைவு. பெரும்பாலோர் முதல் நாளிலேயே, தபால்தலை அளவுள்ள ஒரு வை-ஃபை அட்டையில் தடுக்கி விழுந்தவர்கள். அந்த அட்டையைப் பற்றி வாங்குவதற்கு முன்பே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர்களில் பாதிப் பேராவது இன்றைக்கு லினக்ஸில் வேலை செய்துகொண்டிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

மடிக்கணினி என்பது ஒரே பொருள் அல்ல. வை-ஃபை, திரையை இயக்கும் சில்லு, ஒலி, கேமரா, டச்பேட் என்று பத்துப் பதினைந்து நிறுவனங்களின் உறுப்புகள் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றோடும் இயங்குதளம் பேசுவதற்கு டிரைவர் என்ற சின்ன மென்பொருள் வேண்டும். விண்டோஸுக்கு அந்த டிரைவரைப் பெரும்பாலும் உறுப்பைச் செய்த நிறுவனமே எழுதித் தருகிறது. மடிக்கணினி நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போடுகிறது. நாம் கொடுக்கும் விலையில் அந்த வேலைக்கான கூலியும் இருக்கிறது. அதனால்தான் விண்டோஸில் எல்லாம் தானாக வருவதுபோல் தெரிகிறது.

லினக்ஸில் ஏற்பாடே வேறு. 1991-இல் ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி. அதற்குள்ளேயே பெரும்பாலான டிரைவர்கள் இருக்கின்றன. யார் எழுதினாலும் பொதுவில் வைக்க வேண்டும். மற்றவர்கள் படித்துக் குறை சொல்வார்கள். திருத்திய பிறகு கர்னலில் சேரும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் அதற்கப்புறம் குறுந்தகடும் வேண்டாம், இணையத்தில் தேடவும் வேண்டாம். கர்னல் எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும். பத்து வருடத்துக்கு முந்தைய சில வெப்கேம்கள் புது விண்டோஸில் முரண்டுபிடிக்க, லினக்ஸில் செருகியவுடன் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேராமல் வெளியே நிற்கும் டிரைவர்தான் தலைவலி. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தன் சொந்த முயற்சியில் இணையத்தில் வைத்திருப்பார். அதை இறக்கி, நம் கணினியிலேயே தொகுத்து, ஏற்ற வேண்டும். இரண்டு மாதம் கழித்துக் கர்னல் புதுப்பிக்கப்படும்போது அது உடைந்து போகலாம். தேர்வுக்கு முந்தைய நாள் இரவில் வை-ஃபை காணாமல் போன கதைகள் பலவும் இந்த வகைதான்.

ஆகவே "லினக்ஸில் வை-ஃபை வருமா" என்று கேட்டால் பதில் கிடைக்காது. இந்தச் சில்லுக்கு டிரைவர் எழுதியது யார், அது கர்னலில் எப்போது சேர்ந்தது, நாம் ஏற்றப்போகும் லினக்ஸில் இருக்கும் கர்னல் அதற்குப் பிந்தையதா? இந்த மூன்றையும் கேட்டால் ஏறக்குறைய எல்லா மர்மமும் தீர்ந்துவிடும்.

இன்டெல் நிறுவனம் தன் செயலி, திரைச்சில்லு, வை-ஃபை எல்லாவற்றுக்கும் தானே டிரைவர் எழுதிக் கர்னலுக்கு அனுப்புகிறது. பல நேரம் பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே அனுப்பிவிடுகிறது. ஏஎம்டி-யின் புதுத் திரைச்சில்லுகளுக்கான திறந்த டிரைவர் 2015-இல் கர்னலுக்குள் வந்தது. அதற்குப் பிறகு ஏஎம்டி மடிக்கணினியைப் பற்றிய பயம் குறைந்துவிட்டது. என்விடியா நெடுங்காலம் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. வெளியாட்கள் சில்லின் நடத்தையை ஊகித்து ஊகித்து நூவோ என்ற டிரைவரை எழுதினார்கள். 2012-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த உரையாடலில் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே அந்த நிறுவனத்தைத் திட்டியது உலகமறிந்த விஷயம். 2022 மே மாதம்தான் என்விடியா தன் டிரைவரில் கர்னலோடு ஒட்டும் பகுதியைத் திறந்தது. அதுவும் டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பின் வந்த சில்லுகளுக்கும் மட்டும். இன்றைக்கு என்விடியா ஓடாது என்று சொல்ல முடியாது, ஓடுகிறது. ஆனால் தனியாக ஏற்ற வேண்டும், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் திறக்கவிடும் செக்யூர் பூட் இருந்தால் கையொப்பச் சாவி சேர்க்க வேண்டி வரலாம், பேட்டரியும் சீக்கிரம் தீரும். இயந்திரக் கற்றலோ முப்பரிமாண வேலையோ செய்யாத மாணவருக்கு என்விடியா வைத்து "கேமிங்" என்று ஒட்டிய மடிக்கணினி தேவையே இல்லை என்பது என் கருத்து.

வை-ஃபையில் நிலைமை கலவையானது. விலை குறைந்த மடிக்கணினிகளில் அதிகம் வருவது ரியல்டெக், மீடியாடெக் அட்டைகள். ரியல்டெக்கின் புதுவகை அட்டைகளுக்கான டிரைவர்த் தொகுப்பு ஒன்று 2019-இல் கர்னலுக்குள் வந்தது, அதற்கடுத்த தலைமுறைக்கானது 2022 தொடக்கத்தில். அதற்கு முன்னால் அந்த அட்டை உள்ள கணினி வாங்கியவர்கள் எல்லோரும் வெளியே கிடைத்த டிரைவரோடு மல்லுக்கட்டியவர்கள். "லினக்ஸில் வை-ஃபை வராது" என்ற பேச்சு இந்த ஊர்க் கடைகளில் இன்னும் ஓயாததற்கு அந்தக் காலம்தான் காரணம். காலம் மாறிவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை.

காலக்கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெபியன் என்பது இன்னொரு லினக்ஸ் வகை. அதன் 12-ஆம் பதிப்பு வெளிவந்தது 2023 ஜூனில்; அதன் கர்னல் 6.1, 2022 டிசம்பரில் வந்தது. 2024-இல் கடைக்கு வந்த மடிக்கணினியில் அதை ஏற்றினால், அந்தக் கணினியின் சில உறுப்புகள் பிறப்பதற்கு முன்பே எழுதிய கர்னலிடம் அவற்றை ஓட்டச் சொல்கிறோம் என்று பொருள். எப்படித் தெரியும் அதற்கு? புதுக் கணினிக்குப் புது லினக்ஸ், பழைய கணினிக்கு எந்த லினக்ஸும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அக்கா மகன் கதையும் இதுதான். நண்பன் ஏற்றிக் கொடுத்தது நாலு வருடப் பழைய உபுண்டு. அவன் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடச் சொன்னேன். அதற்கு லினக்ஸில் தனி டிரைவர் எதுவும் தேட வேண்டாம். கேபிள் வழியாகவே இணையம் வந்துவிடும். அப்புறம் புதுக் கர்னலை இறக்கி ஏற்றி, மறுதொடக்கம் செய்தோம். மேல் மூலையில் வை-ஃபை குறி வந்தது, பக்கத்து வீட்டு இணைப்புகளின் பெயர்கள் வரிசையாக விழுந்தன. முக்கால் மணி நேர வேலை. கேபிள் டெதரிங் என்ற இந்த ஒரு வழி தெரியாததால் எத்தனை பேர் திரும்ப விண்டோஸ் போடக் கடைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

ஏற்கெனவே ஏற்றி, சரிபார்த்துக் கொடுத்தால் லினக்ஸும் சத்தமில்லாமல் ஓடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளும் வாங்கினார்கள். கணினியைத் திறந்தால் எந்த இயங்குதளம் என்று கேட்கும் திரை வரும். பலர் அந்தத் திரை வேண்டாம் என்று கடையில் கொடுத்து லினக்ஸை எடுக்கச் சொன்னார்கள். என் பார்வையில் அங்கே குறைந்தது சொல்லிக்கொடுக்க ஆள், கருவியில் குறையில்லை. அந்தக் கணினிகள் சில இன்னும் வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு, வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி மாற்றினால் தட்டச்சுக்கும் நிரல் பழகவும் இன்றும் உதவும்.

சரி, வாங்கப் போகிறவர் எதைத் தேடுவது?

என் பதில் பல வருடமாக மாறவில்லை: அலுவலகங்களுக்கென்று செய்த மடிக்கணினி, மூன்று நான்கு வருடம் ஓடியது. திங்க்பேடின் டி, எக்ஸ் வரிசைகள், டெல் லாட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக். பளபளப்பான வீட்டு உபயோக மாடல்களை விட இவை லினக்ஸில் நன்றாக ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஒரே மாடலை வாங்குகின்றன. இன்றைக்கு வாங்கியதும் அடுத்த வருடம் வாங்குவதும் உள்ளே ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அதனால் உறுப்புகள் அடிக்கடி மாறுவதில்லை, மலிவுச் சில்லுகளும் குறைவு. வீட்டு உபயோக வரிசையில் ஒரே மாடல் பெயரில் போன மாதம் வந்த பெட்டியில் ஒரு வை-ஃபை, இந்த மாதம் வந்ததில் வேறொன்று என்று இருக்கும். இணையத்தில் "இந்த மாடலில் லினக்ஸ் அருமையாக ஓடுகிறது" என்று ஒருவர் எழுதியிருப்பார். நாம் வாங்கியதில் ஓடாது. இருவர் சொல்வதும் உண்மைதான், பெட்டிக்குள் இருக்கும் சில்லுதான் வேறு.

இன்னொரு காரணமும் உண்டு. கர்னல் எழுதுகிறவர்களில் கணிசமானோர் தங்கள் மேசையில் வைத்திருப்பதே இந்த வகைக் கணினிகள்தான். 1992-இல் ஐபிஎம் தொடங்கி 2005-இல் லெனோவோ கைக்குப் போன திங்க்பேடுக்கென்று கர்னலில் தனி டிரைவரே இருக்கிறது. பேட்டரி 80 சதவீதத்தில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தச் சொன்னால் கேட்கும். 2012-இல் டெல் தன் எக்ஸ்பிஎஸ் 13-ஐ உபுண்டுவோடு விற்கத் தொடங்கியது. 2020-இல் லெனோவோ சில திங்க்பேடுகளை ஃபெடோரா என்ற லினக்ஸோடு விற்றது. எந்தெந்த மாடல்களைச் சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறோம் என்று உபுண்டுவின் கேனானிக்கல் நிறுவனம் பட்டியலே வெளியிடுகிறது. வாங்கும் முன் மாடல் பெயரை அதில் தேடிப் பாருங்கள்.

இந்தக் கணினிகள் நம் ஊருக்கு எப்படி வருகின்றன? நிறுவனங்கள் வாரண்டி காலம் முடிந்ததும் மொத்தமாகத் தள்ளிவிடுகின்றன. அவை சென்னை ரிச்சி தெருவுக்கு வந்து, அங்கிருந்து புதுச்சேரிக் கடைகளுக்கும் கடலூர்க் கடைகளுக்கும் வருகின்றன. கடைக்காரர்கள் "கம்பெனி லாட்" என்பார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் இந்தச் சந்தையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஏழாம் தலைமுறை இன்டெல் செயலியையும் அதற்கு முந்தையவற்றையும், ஒன்றிரண்டு விலக்கு தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நல்ல நிலையில் இருக்கும் கணினிகளைக் கடைக்காரர்கள் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். லினக்ஸுக்கு அந்தத் தடை எதுவும் கிடையாது.

இருந்தாலும் கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால் எட்டாம் தலைமுறைக்குப் போங்கள் என்பேன். ஏழாம் தலைமுறை மெல்லிய மடிக்கணினிகளின் ஐ5 செயலியில் இரண்டு கோர்தான்; எட்டாம் தலைமுறையில் அது நான்கானது. நான் அடிக்கடி சொல்லும் மாடல் 2018-இல் வந்த திங்க்பேட் டி480. அதில் இரண்டு பேட்டரி: ஒன்று உள்ளே, ஒன்று பின்னால் கழற்றி மாட்டுவது. உள்ளே இருப்பது ஓடிக்கொண்டிருக்க, பின்னால் இருப்பதைக் கழற்றி வேறு மாட்டலாம், கணினி அணையாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்த பிறகு கடலூரில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோதும் இருட்டில் கிடந்தோம். இந்தக் கரையில் இருப்பவர்களுக்குக் கழற்றி மாட்டும் பேட்டரியின் அருமை தெரியும்.

போன தை மாதம், அக்கா மகனின் தங்கைக்கு வாங்க லாரன்ஸ் சாலைப் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு கடைக்குப் போனேன். கையில் 32 ஜிபி பென்டிரைவ், அதில் வென்டாய். வென்டாய் போட்ட பென்டிரைவில் நாலைந்து லினக்ஸ் கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். கணினியைத் திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். எதையும் வட்டில் ஏற்றாமல், பென்டிரைவிலிருந்தே முழு லினக்ஸையும் ஓட்டிப் பார்க்கலாம்.

"அண்ணே, ஒரு பத்து நிமிஷம் இதைப் போட்டுப் பாத்துக்கட்டுமா? உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது."

"விண்டோஸ் புதுசா போட்டு வச்சிருக்கேன் சார். அழிஞ்சிடப் போவுது."

"வட்டையே தொடாதுண்ணே. பக்கத்துல நின்னு பாருங்க."

நின்று பார்த்தார். முதலில் பயாஸுக்குள், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போனேன், திங்க்பேடில் எஃப்1. கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினியைக் கீழே வைத்துவிட வேண்டும். நிறுவனம் போட்ட மேலாளர் கடவுச்சொல் திங்க்பேடில் பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. கேட்கவில்லை, நல்லது. அடுத்து எஃப்12-ஐ அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தேன். டெல்லிலும் அதே விசை, ஹெச்பி-யில் எஃப்9. லினக்ஸ் மின்ட் திரை வந்தது. என் போனின் ஹாட்ஸ்பாட்டில் வை-ஃபை இணைந்தது. ஒரு பாட்டைப் போட்டு இரண்டு பக்க ஒலிபெருக்கியும் கேட்டேன். வெளிச்சம் கூட்டும் குறைக்கும் விசைகள், கேமரா, டச்பேடில் இரண்டு விரல் நகர்த்தல், ப்ளூடூத், எல்லா யுஎஸ்பி துளைகளும். பேட்டரி விவரத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: புதிதில் எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது. முதல் கணினியில் இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கும் கீழே. அடுத்ததை எடுத்துக் கொடுத்தார்.

வட்டு தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சில கணினிகளில் லினக்ஸ் நிறுவல் தொடங்கியதும் "வட்டு எதுவும் இல்லை" என்று வரும். வட்டு கெட்டுப்போனதாக நினைத்துப் பதற வேண்டாம். பயாஸில் வட்டு இன்டெல் ஆர்எஸ்டி முறையில் இருக்கும். அதை ஏஹெச்சிஐ-க்கு மாற்றினால் தெரிந்துவிடும். கடைசியாக முனையத்தைத் திறந்து எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளையைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் முக்கியச் சில்லுகளின் பட்டியல் வரும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பென்டிரைவே போடக் கூடாது என்று கடைக்காரர் சொன்னால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஹார்டுவேர் ஐடி என்ற எண் இருக்கிறது; அதைக் குறித்துக்கொண்டு வந்து தேடலாம். அதில் நிறுவன எண் 8086 என்று இருந்தால் இன்டெல். 1978-இல் வந்த அவர்களுடைய செயலியின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சோதனை கூடுதலாக வேண்டும். கடற்கரையோரம் ஓடிய கணினியா என்று பாருங்கள். தலைகீழாகத் திருப்பி, திருகாணிகளின் தலை துருப்பிடித்திருக்கிறதா, யுஎஸ்பி துளைக்குள் பச்சை பூத்திருக்கிறதா, மூடியின் கீல் கரகரக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உப்புக்காற்று வெளியே தெரிந்தால் உள்ளேயும் போயிருக்கும். அது எந்த இயங்குதளத்திலும் தீராத நோய்.

அப்புறம், மூடி. இதைத்தான் பெரும்பாலோர் கடையில் சோதிக்க மறக்கிறார்கள். மடிக்கணினியை மூடினால் தூங்க வேண்டும், திறந்தால் உடனே எழ வேண்டும். பழைய முறைத் தூக்கத்தில் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். போனைப்போல எப்போதும் அரைத் தூக்கத்தில் இருக்கட்டும் என்று பின்னால் ஒரு முறை வந்தது. 2020-க்குப் பிறகு வந்த பல மாடல்களில் பழைய முறையையே எடுத்துவிட்டார்கள். புது முறையில் ஒவ்வொரு சில்லும் ஒழுங்காகக் கண்மூட வேண்டும். ஒன்று விழித்திருந்தாலும் செயலியும் முழுதாகத் தூங்காது. அக்கா மகனின் கணினிக்கு வை-ஃபை சரியானபின் இந்தக் கோளாறுதான் வந்தது. கடலூர் பஸ் நிலையத்தில் மூடிப் பையில் வைப்பான். கன்னியக்கோயில் தாண்டும்போது மடியில் இருக்கும் பை சுடும். அரியாங்குப்பம் பாலத்துக்குள் விசிறிச் சத்தம் கேட்கும். கல்லூரியில் திறந்தால் நூறிலிருந்த சார்ஜ் எழுபதுக்கு வந்திருக்கும். கடைசியில் மூடியை மூடினால் வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும்படி அமைத்துக் கொடுத்தேன். திறக்கும்போது அரை நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கிறான், ஆனால் பை சுடுவதில்லை. தங்கைக்குப் பார்த்த கணினியைக் கடையிலேயே மூடி வைத்துவிட்டு, கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அடிப்பக்கம் தொட்டால் குளிர்ந்திருந்தது. திறந்தவுடன் எழுந்தது. அதன் பிறகுதான் விலை பேசினேன்.

வாங்கிய கணினியில் வை-ஃபை அட்டை மட்டும் தொல்லை என்றால் கணினியையே மாற்ற வேண்டியதில்லை. பல மாடல்களில் அந்த அட்டை ஒரே திருகாணியில் நிற்கிறது. இன்டெல்லின் ஏஎக்ஸ்210 வாங்கி மாட்டினால் போதும். ஏஎக்ஸ்211 என்று ஒன்று விற்கிறார்கள்; எண் பெரிது என்று வாங்கிவிடாதீர்கள், அது அதற்கென்று வழிசெய்த இன்டெல் கணினிகளில் மட்டும் ஓடும். பழைய லெனோவோ, ஹெச்பி மாடல்கள் சிலவற்றில் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் கணினியையே திறக்கவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். மெல்லிய மாடல்களில் அட்டையைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அங்கே விரல் நீளத்துக்கு யுஎஸ்பி வை-ஃபைதான் வழி.

விரல்ரேகை உணரி பல மாடல்களில் ஓடாது. ஓடினால் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெல் பன்னிரண்டாம் தலைமுறையையொட்டி வந்த சில விலையுயர்ந்த மெல்லிய மாடல்களில் கேமராவே புது வகை, லினக்ஸில் வெகுநாள் வரவில்லை. இணையவகுப்பு உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆப்பிளின் எம்1, எம்2 கணினிகளில் அசாஹி லினக்ஸ் ஓடுகிறது, அந்தக் குழுவின் உழைப்பு பிரமிப்பானது. ஆனால் முதல்முறை வாங்கும் மாணவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஸ்னாப்டிராகன் செயலி உள்ள புது விண்டோஸ் மடிக்கணினிகளையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

"ஓடுகிறது" என்பதும் "கட்டற்றது" என்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்டெல் வை-ஃபையின் டிரைவர் திறந்தது. ஆனால் அட்டைக்குள் போய் உட்காரும் ஃபர்ம்வேர் மூடியது, அதன் மூலநிரல் நமக்குக் கிடைக்காது. டெபியன் இயக்கம் இதற்காகப் பல வருடம் விவாதித்து, 2022-இல் வாக்கெடுத்து, டெபியன் 12 முதல் அத்தகைய ஃபர்ம்வேரை நிறுவல் தொகுப்பிலேயே சேர்க்க முடிவு செய்தது. கொள்கையில் உறுதியாக நிற்பவர்களுக்கு ஃபர்ம்வேரே கேட்காத பழைய ஏத்தரோஸ் அட்டைகள் இருக்கின்றன. பயாஸையே மாற்றி லிப்ரேபூட் என்ற கட்டற்ற மாற்றைப் போட முடிகிற திங்க்பேட் எக்ஸ்200 போன்ற பழைய கணினிகள் இருக்கின்றன. அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்களுடைய பிடிவாதம் இல்லாமல் திறந்த டிரைவர்கள் இந்த அளவுக்கு வந்திருக்காது. ஆனால் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போகும் ஒரு மாணவிக்கு முதல் நாளே வை-ஃபை வர வேண்டும். அவள் லினக்ஸில் இருந்தால்தான் அடுத்த கேள்விகளைக் கேட்பாள். டெபியன் எடுத்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன்.

தனியாகச் செய்யத் தயங்குகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் ஆள் இல்லாமல் இல்லை. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள், வன்பொருளுக்கான எஃப்எஸ்ஹெச்எம் இயக்கம் இருக்கிறது. பக்கத்து விழுப்புரத்தில் விஜிலக் என்ற லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் படிக்கக் கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது. 2012-லிருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறார்கள்.

கணினி வாங்கி, எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு ஐந்து நிமிட வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. ஹெச்டபிள்யூ-புரோப் என்று ஒரு கருவி உண்டு. அதை ஓட்டினால் கணினியின் உறுப்புகளையும் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதையும் திரட்டி, லினக்ஸ்-ஹார்டுவேர் டாட் ஆர்க் என்ற தளத்தில் சேர்க்கும். வரிசை எண் போன்ற அடையாளங்களை நீக்கிவிட்டுத்தான் அனுப்பும். தங்கைக்கு வாங்கிய டி480-இல் முதல் நாள் மாலை அவளையே ஓட்டச் சொன்னேன். விரல்ரேகை உணரி ஒன்றைத் தவிர எல்லாம் ஓடுகிறது என்று பதிவானது. அந்தப் பக்கத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதி, லாரன்ஸ் சாலைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதே லாட்டில் அவரிடம் இன்னும் ஆறு கணினிகள் இருந்தன.